வருஷக் கடைசி லிஸ்ட்ல எந்த கேமுக்கு இடம் குடுக்கிற? பெரிசு, சின்னது, டிஎல்சி, ரீமேக் எல்லாத்தையும் வச்சு ஒரு ஒப்பீடு

கல்முனைல இருந்து ஒரு தம்பி வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். அவங்கட குரூப்ல வருஷக் கடைசி டொப் ஃபைவ் எழுதுறாங்களாம், நாலு இடம் முடிஞ்சிட்டாம், அஞ்சாவது இடத்துக்கு மூண்டு நாளா அடிபாடு, ஒருத்தன் பெரிய கேம்தான் வேணும் எண்டுறான், இன்னொருத்தன் ஆருக்கும் பேரே தெரியாத சின்ன கேம் ஒண்ட தூக்கிப் பிடிக்கிறான், மற்றவன் டிஎல்சி, அதான் ஏற்கனவே வந்த கேமுக்கு மேலதிகமா வாற பகுதி, அத போட்டா குரூப்ப விட்டே போயிருவன் எண்டு நிக்கிறான். "அண்ணே நீங்களாவது சொல்லுங்க, எத வைக்கிற" எண்டு கேட்டான். வொய்ஸ்ல சொல்லி முடியிற விஷயம் இல்ல, அதான் எழுதுறன். காத்தான்குடில போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற என்ட கூட்டாளியோடயும் நான் வருஷா வருஷம் இதத்தான் கதைச்சுக் கதைச்சு விடியப் பண்றது.

உதாரணத்துக்கு 2024ம் ஆண்ட எடுக்கிறன். அந்த வருஷம் த கேம் அவார்ட்ஸ் எண்ட கேம் பரிசு விழால பெரிய பரிசுக்கு நிண்ட ஆறும் ஆறு விதம். அஸ்ட்ரோ பொட், பலாட்ரோ, பிளக் மித் வூகொங், எல்டன் ரிங்குக்கு வந்த ஷடோ ஒஃப் த எர்ட்ட்ரீ, ஃபைனல் ஃபண்டசி 7 ரீபேர்த், மெட்டஃபர் ரீஃபண்டாசியோ. கடைசில அஸ்ட்ரோ பொட் வெண்டது. அங்க ஜூரிட வாக்கு 90 வீதம், பொதுசனத்துக்கு 10 வீதம்தான். ஸ்டீம் எண்ட ஒன்லைன் பிசி கேம் கடை நடத்துற ஸ்டீம் அவார்ட்ஸ்ல வாக்கு முழுக்க விளையாடுற ஆக்கள்ட கைல, அங்க அதே வருஷம் வெண்டது வூகொங். ரெண்டு பக்கமும் பிழையில்ல, கேட்ட ஆக்கள் வேற, அதால பதிலும் வேற. அப்ப நாங்க ஆருக்காக லிஸ்ட் போடுறம் எண்டத முதல்ல தீர்மானிக்கணும்.

## எதுக்கு இவ்வளவு யோசிக்கிற

லிஸ்ட் தானே, ஆளாளுக்கு விருப்பமானத போட்டுட்டுப் போகலாமே எண்டு கேக்கிற ஆக்கள் இரிக்கிறாங்க. நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சன். சில வருஷத்துக்கு முதல் எங்கட லிஸ்ட்ல ஒரு பெரிய கேம மூண்டாம் இடத்தில வச்சம், பேர் வேணாம், எங்கள்ல ஒருத்தன் ரெண்டு மணித்தியாலம் விளையாடினவன், மிச்சப் பேர் யூடியூப்ல பாத்ததுதான். அத நம்பி ஆரையம்பதில ஒரு பொடியன், ஏ/எல் படிக்கிறவன், பத்து மாசமா சேத்த காசக் குடுத்து வாங்கினான். அவன்ட பழைய மெஷின்ல அது ஒழுங்கா ஓடல்ல, ஓடின இடத்திலயும் படம் நிண்டு நிண்டு வந்தது. அவன் எங்கள ஏசவும் இல்ல. "நீங்க நல்லம் எண்டு போட்டிருந்தீங்க தானே அண்ணா, அதான் எடுத்தன்" எண்டு மட்டும் சொன்னான். அந்த சொல்லு எனக்கு இன்னும் மனசுக்குள்ள கிடக்கு. மாசத்துக்கு ஒரு கேம் வாங்கிறவனுக்கு எங்கட லிஸ்ட் ஒரு கதை, வருஷத்துக்கு ஒண்டே ஒண்டு வாங்கிறவன் அத நம்பி காசு எண்ணிக் குடுக்கிறான். நான் லிஸ்ட் எழுதுறது அவனுக்கு.

## எத வச்சு அளக்கிற

நாலு விஷயம் பாக்கிறம்.

முதலாவது, எங்கள்ல ஒருத்தராவது அந்த கேம முடிச்சிரிக்கணும். முடிவில்லாத கேமா இரிந்தா ஆகக் குறைஞ்சது ஒரு இருபது மணித்தியாலம். ட்ரெயிலர் பாத்ததும், மற்றவன் விளையாடினத பாத்ததும் கணக்கில்ல.

ரெண்டாவது முழுச் செலவு, இத கொஞ்சம் நீட்டிச் சொல்லணும். 60 டொலர் கேம் எண்டா டொலர் 300 ரூபா கணக்குக்கே 18,000. ஸ்டீம்ல தெற்காசியாவுக்கு எண்டு தனி டொலர் விலை இரிக்கு, கன கேம் அமெரிக்க விலையவிட குறைவாக் கிடைக்கும், ஆனா அது வெளியிடுற கொம்பனி விரும்பி வச்சாத்தான். பிளேஸ்டேசன் ஸ்டோர் இலங்கைக்கு எண்டு இல்ல, வேற நாட்டு எக்கவுண்ட் திறந்து கிஃப்ட் கார்ட் வாங்கித்தான் உள்ள போகணும், கார்ட் விக்கிறவரும் தன்ட லாபத்த சேத்துத்தான் தருவார். பொறகு டேட்டா, பொறகு ஹார்ட் டிஸ்க்ல இடம், மாரி காலத்தில கரண்ட் போனா யூபிஎஸ். விலைய மட்டும் பாத்து "குடுக்கலாம் மச்சான்" எண்டு எழுதுறது அரைவாசிக் கணக்குத்தான். ஒரு நல்ல விஷயம், ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா காச திருப்பி எடுக்கலாம். இது தெரியாத பொடியன்மார் இன்னும் இரிக்கிறாங்க, லிஸ்ட்டுக்குக் கீழயே இத எழுதி விடுங்க.

மூண்டாவது, அந்த கேம தூக்கிட்டுப் பாத்தா அந்த வருஷத்தில ஒரு ஓட்டை விழுதா? நல்ல கேம் கனக்க வரும், ஆனா அதுக்குப் பதிலா வேறொண்ட வச்சாலும் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது எண்டா இடம் குடுக்கத் தேவையில்ல.

நாலாவது, லிஸ்ட் போடுற அண்டைக்கு கைல கிடைக்கிற கேம் எப்பிடி இரிக்கு எண்டது மட்டும்தான் கணக்கு. "அடுத்த அப்டேட்ல சரியாகும்" எண்டா அடுத்த வருஷ லிஸ்ட்ல வரட்டும்.

## பிளக் மித் வூகொங்: பெரிய கேம்

சைனால கேம் சயன்ஸ் எண்ட ஸ்டூடியோ செஞ்சது, 2024 ஆகஸ்ட் 20ல வந்தது, மூண்டு நாள்ல ஒரு கோடி கொப்பி வித்தது. அவங்கட நாட்டு பழைய குரங்கரசன் கதைய எடுத்து இவ்வளவு பெரிசா செஞ்சு காட்டினதுதான் எனக்குப் பெரிய விஷயம். ரெண்டாவது அத்தியாயத்தில மணல் காத்து அடிக்கிற ஊர்ல தலையில்லாத ஒரு மனுசன் மூண்டு நரம்பு வாத்தியத்த மடில வச்சுக்கொண்டு இருந்து கதைப்பாட்டு பாடுவான். எனக்கு ஒரு சொல்லு விளங்கல்ல, ஆனா களரில மத்தளத்துக்குப் பக்கத்தில நிண்டு அண்ணாவியார் தரு எடுக்கிறதுதான் கண்ணுக்குள்ள வந்தது. எங்கட வடமோடி கூத்த ஒரு நாள் ஆராவது இப்பிடி ஒரு கேமுக்குள்ள கொண்டு வரமாட்டாங்களா எண்டு அண்டு முழுக்க யோசிச்சன். இந்த கேம தூக்கினா 2024ல ஓட்டை விழும், அதில எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா செலவு? 130 ஜிபி. நைட் டேட்டாலதான் இறக்கினன், பன்னெண்டு ராத்திரி போனது, இடையில மழைக்கு கரண்ட் போய் போய் வந்தது, விடிய அஞ்சு மணிக்கு எழும்பி எத்தின வீதம் எண்டு பாக்கிறதே ஒரு வேலையாப் போச்சு. 16 ஜிபி ரெம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்ட், இது ஆகக் குறைஞ்சது. எஸ்எஸ்டி எண்ட வேகமான டிஸ்க் இல்லாட்டி வாங்கிப் போட்டுட்டுத்தான் தொடங்குறது நல்லம். கேமுக்குள்ளயும் ஒரு குறை இரிக்கு, போகலாம் மாதிரி தெரியிற கன இடத்தில கண்ணுக்குத் தெரியாத சுவர் வந்து மறிக்கும், எங்க போகலாம் எங்க போகேலாது எண்டு கேம் சொல்லித் தராது.

வீட்டில நல்ல பிசியோ பிஎஸ்5ஓ முதலே இரிக்கிற ஆளுக்கு, பொஸ் எண்ட பெரிய எதிரிகளோட சண்டைல தோத்து தோத்து படிக்கிற பொறுமை இரிந்தா, வருஷத்தில ஒண்டே ஒண்டு வாங்கிறதெண்டாலும் இத வாங்கலாம்.

## பலாட்ரோ: சின்ன கேம்

கனடால லோக்கல்தங்க் எண்ட பேர்ல இரிக்கிற ஒரே ஒரு ஆள் செஞ்ச கேம். 2024 பெப்ரவரி 20ல வந்தது, பிசில 15 டொலர், செப்டம்பர்ல போனுக்கும் வந்தது, அங்க 10 டொலர். பிசிக்கு 150 எம்பி இடம் போதும். வூகொங் ஒண்டு இறக்குற டேட்டால இத எண்ணூறு தரத்துக்கு மேல இறக்கலாம்.

சீட்டுக்கட்டுத்தான். போக்கர் மாதிரி ஜோடி, வரிசை, ஒரே பூ எண்டு சேத்துப் போடணும், அதுக்கு ஒரு புள்ளி, அத பெருக்கிறதுக்கு இன்னொரு எண், ஒரு ஜோடிக்கு பத்து தர ரெண்டு, அதோட அட்டைட புள்ளியும் சேரும். இதுக்கு மேல 150 ஜோக்கர் இரிக்கு, ஒவ்வொண்டும் கணக்க ஒவ்வொரு விதமா மாத்தும். சொல்லக்க சாதாரணமா இரிக்கும்.

கல்லடில மாமா ஒருத்தர் இரிக்கார், 304 சீட்டாட்டத்தில கெட்டிக்காரன். போயா லீவு நாள், வெளில சரியான மழை, நான் போன்ல விளையாடிக்கொண்டு இரிந்தன், பின்னால நிண்டு பாத்துட்டு "என்ன மனே, ஜெக்கு ஏன் குயினுக்குக் கீழ நிக்கி?" எண்டு கேட்டார். 304ல ஜெக்குத்தான் ராசா, 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, கூட்டினா 76, நாலு பூவுக்கும் 304. அந்தக் கணக்கிலயே ஐம்பது வருஷம் வாழ்ந்த மனுசனுக்கு இது பிழையாத்தானே தெரியும். போன வாங்கி மூண்டு ஆட்டம் தோத்தார். நாலாவது ஆட்டத்தில ஹேங்ட் மேன் எண்ட அட்டை வந்தது, அது கட்டில இருந்து ரெண்டு சீட்ட அழிக்கும். மாமா யோசிக்கவே இல்ல, ரெண்டையும் மூண்டையும் தேடித் தேடி அழிச்சார். "சின்னச் சீட்ட எடுத்துப் போட்டுட்டுத்தான் கட்டு குலுக்கணும்" எண்டார். கட்டை மெல்லிசாக்கிறதுதான் இந்த கேம்ல பெரிய வித்தை, நான் அத கண்டுபிடிக்க ரெண்டு கிழமை எடுத்தது, அவருக்கு ஊர்ச் சீட்டுல இருந்தே கைல வந்திட்டு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் எனக்குக் கிடைக்கல்ல.

மறைஞ்ச செலவு நேரம்தான், சோதனை நேரத்தில இது கைல இரிந்தா கஷ்டம். இன்னொண்டு, சீட்டு எண்டதும் சூது எண்டு நினைச்சு வீட்டில ஏச்சு விழலாம். இதுல காசு வைக்கிறதும் இல்ல, வெல்லுறதும் இல்ல. ஐரோப்பால வயசு பிரிக்கிற பெகி அமைப்பும் முதல் 18 போட்டு, பொறகு 2025 பெப்ரவரில 12க்கு இறக்கினது. உம்மாவோ அம்மாவோ கேட்டா ஒரு ஆட்டம் பக்கத்தில வச்சுக் காட்டுங்க.

பழைய லெப்டொப், டேட்டா குறைவு, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்தான் நேரம், இதுல எது இரிந்தாலும் சின்ன கேம்தான் சரி. அதே 2024ல வந்த அனிமல் வெல்லும் இப்பிடித்தான், அதையும் ஒரே ஆள் ஏழு வருஷமா செஞ்சது, முழு கேமும் 40 எம்பியத் தாண்டாது. "சின்ன கேம் தானே, அஞ்சாவதா வைப்பம்" எண்டு இரக்கத்துக்கு இடம் குடுக்கிற பழக்கம் எங்கள்ட்ட இரிந்தது, அத நான் முழுசா எதிர்க்கிறன். வம்பயர் சர்வைவர்ஸ் வந்த நேரம் 5 டொலர்தான், 2023ல பிரிட்டன்ட பாஃப்டா விருதுல சிறந்த கேம் பரிசுக்கு எல்டன் ரிங்கோடயும் கோட் ஒஃப் வோர் ரக்னரொக்கோடயும் நிண்டு அதுதான் வெண்டது.

## ஷடோ ஒஃப் த எர்ட்ட்ரீ: டிஎல்சி

2024 கார்த்திகைல த கேம் அவார்ட்ஸ், டிஎல்சியும், பழைய கேம புதுசா திருப்பிச் செய்யிற ரீமேக்கும் எல்லாப் பரிசுக்கும் நிக்கலாம் எண்டு தெளிவா சொன்னது, அண்டைல இருந்துதான் இந்தச் சண்டை பெரிசானது. தரத்தில குறை சொல்ல ஒண்டும் இல்ல, ஒரு முழு கேம் அளவுக்கு இடம், புது ஆயுதம், புது பொஸ், எங்கட குரூப்ல அத விளையாடின மூண்டு பேரும் அந்த வருஷத்தில ஆகச் சிறந்தது அதுதான் எண்டுறாங்க.

என்ட பிரச்சின ஆரையம்பதி பொடியன்தான். 40 டொலர் எண்டு போட்டிருக்கும், அத பாத்து வாங்கினா தனிய ஓடாது, 60 டொலர் தாய் கேமும் வேணும். ரெண்டையும் வாங்கினாலும் உடன உள்ள போகேலாது, தாய் கேம்ல ரடான், மோக் எண்ட ரெண்டு பொஸ்ஸையும் வெண்டிருந்தாத்தான் கதவு திறக்கும், புதுசா தொடங்குற ஆளுக்கு அந்த இடத்துக்குப் போகவே மாசக்கணக்கு ஆகலாம். அதோட எல்டன் ரிங் 2022ல பெரிய பரிச எடுத்திட்டு, அதே கேமுக்கு ரெண்டாவது கதிரை போடுறது மாதிரி ஆகிடும்.

அதால நான் டிஎல்சிய டொப் ஃபைவ்ல போடுறதில்ல, கீழ "முதலே வச்சிருக்கிற ஆளுக்கு" எண்டு தனி வரி. குரூப்ல எல்லாருமே எல்டன் ரிங் முடிச்சவங்க எண்டா அப்ப வேற கதை, உங்களுக்குள்ள மட்டும் பாக்கிற லிஸ்ட் எண்டா தாராளமா உள்ள வையுங்க. பிஎஸ்4லயும் ஓடும் எண்டதும் ஒரு பெரிய நன்மை.

## ஃபைனல் ஃபண்டசி 7 ரீபேர்த்: ரீமேக்

1997ல வந்த கேம மூண்டு துண்டா திருப்பிச் செய்யிறாங்க, இது ரெண்டாவது துண்டு. அதுலயே பதில் இரிக்கு. 2020ல வந்த முதல் துண்ட விளையாடினவனுக்கு இது பொக்கிஷம், விளையாடாதவனுக்கு நடுவில இருந்து பாக்கிற கூத்து. 2024 முழுக்க பிஎஸ்5ல மட்டும்தான், பிசிக்கு 2025 தை மாசம் வந்தது, 155 ஜிபி. பழைய கதை எண்டதுக்காக நான் தள்ளல்ல, முன்னுக்கு ஒண்டு வாங்கணும் எண்டதுக்காகத்தான் தள்ளுறன்.

## அஸ்ட்ரோ பொட்: ஒரே மெஷின்ல மட்டும் ஓடுறது

பிஎஸ்5 இல்லாட்டி இத தொடவே ஏலாது. அதால முதல் நான் இதுக்கு எதிராத்தான் நிண்டன். ரிப்பேர் கடைக் கூட்டாளிட வீட்டில பிஎஸ்5 இரிக்கு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன்ட மகள், ஆறு வயசு, முதுகில எலி மாதிரி ஒரு சாமான கொழுவினதும் அந்தச் சின்ன ரோபோ குண்டுமணி அளவுக்குச் சுருங்கி மரத்துக்குள்ள இரிக்கிற ஓட்டையால நுழைஞ்சு போற இடத்த விளையாடினா. கொன்ட்ரோலர கன்னத்தில வச்சுப் பாத்தா. மணல்ல நடந்தா ஒரு அதிர்வு, கண்ணாடில நடந்தா வேறொண்டு, அத கைக்கு மட்டும் குடுக்க அவக்கு மனசில்ல. "வாப்பா, இது உள்ளுக்குள்ள நடக்குது" எண்டா. அவட வாப்பாவும் நானும் பேசாம இரிந்தம். முப்பது வருஷமா கேம் விளையாடுற எங்களுக்கு அந்தச் சந்தோசத்துக்குப் பேர் வைக்கத் தெரியல்ல.

ஒரு பன்னெண்டு மணித்தியாலத்தில கதை முடிஞ்சிரும், 60 டொலருக்கு இது குறைவு எண்டு சொல்லுவாங்க, ஆனா ஒரு நிமிஷம் வீணில்ல. பொறகு புது லெவல்கள் காசில்லாம வந்தது. இதுக்காக பிஎஸ்5 வாங்காதீங்க. வீட்டில முதலே இரிக்கு, சின்னப் புள்ளைகளும் இரிக்கு எண்டா, இந்த ஆறுலயும் முதல் வாங்க வேண்டியது இதுதான்.

## மெட்டஃபர்: நீளமான கதை

2024 ஒக்டோபர் 11ல வந்தது. நீளமான கதை, 70 டொலர். தொடக்கப் பகுதிய டெமோவா சும்மா விளையாடலாம், அந்த சேவ் முழு கேமுக்கும் வரும், இது வாங்கிற ஆளுக்குச் செய்யிற பெரிய மரியாதை. குறை எங்கள்ட்ட, மார்கழிக்குள்ள ஒருத்தரும் முடிக்கல்ல. முதல் அளவுகோல எங்கட விருப்பத்துக்காக உடைக்கிறதா எண்டு ரெண்டு நாள் கதைச்சம், உடைக்கல்ல.

| கேம் | வந்த நேர விலை | கூட வேண்டியது | ஆருக்கு |
|---|---|---|---|
| வூகொங் | 60 டொலர் | நல்ல பிசி, 130 ஜிபி | பொறுமை உள்ள ஆளுக்கு |
| பலாட்ரோ | 15, போன்ல 10 | ஒண்டும் இல்ல | எல்லாருக்கும் |
| எர்ட்ட்ரீ | 40 | 60 டொலர் எல்டன் ரிங் | முதலே விளையாடினவருக்கு |
| ரீபேர்த் | 70 | முதல் துண்டு | ரசிகருக்கு |
| அஸ்ட்ரோ பொட் | 60 | பிஎஸ்5 | புள்ளைகள் உள்ள வீட்டுக்கு |
| மெட்டஃபர் | 70 | கன நாள் நேரம் | கதைப் பிரியருக்கு |

## திகதிச் சிக்கல்

அமங் அஸ் வந்தது 2018ல, உலகம் முழுக்க பிடிச்சது 2020ல, அந்த வருஷம்தான் மொபைலுக்கும் மல்டிபிளேயருக்கும் பரிசு எடுத்தது. போல்டர்ஸ் கேட் 3 முடியாத நிலைல 2020 ஒக்டோபர்ல விக்கத் தொடங்கி முழுசா வந்தது 2023 ஆகஸ்ட்ல. ஹேடிஸ் 2ம் அப்பிடித்தான், 2024 மே மாசம் ஏர்லி அக்ஸஸ், முழு கேம் 2025 செப்டம்பர்ல. எங்கட முறை லேசு, முழு கேம் வந்த வருஷம்தான் அதுட வருஷம்.

ஆனா மார்கழில வாறது மட்டும் அடுத்த வருஷத்துக்கு. இண்டியானா ஜோன்ஸ் 2024 டிசம்பர் 9ல வந்தது, அவசரப்பட்டு அந்த வருஷத்தில நுழைக்கத் தேவையில்ல. சைபர்பங்க் 2077 எப்பிடி எண்டு எல்லாருக்கும் தெரியும், 2020 டிசம்பர் 10ல வந்தது, ஒரு கிழமைல பிளேஸ்டேசன் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க, 2023ல 2.0 அப்டேட்டோட ஆளே மாறி வந்து தொடர்ந்து வளர்ற கேமுக்கான பரிச எடுத்தது. 2020 லிஸ்ட்ல அதுக்கு இடமில்ல, 2023ல "பழசு, ஆனா இந்த வருஷம் வாங்கலாம்" எண்டு ஒரு வரி கட்டாயம் வேணும். எங்கட தெருப் பொடியன்மார் நாளாந்தம் விளையாடுற பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் அந்த வரிலதான் வரும், அதுகள மறைச்சுட்டு லிஸ்ட் போட்டா பொய்யா இரிக்கும்.

## அப்ப அஞ்சாவது இடம்

தம்பி, அந்தப் பெரிய கேம உங்கள்ல ஆராவது கடைசி வரைக்கும் முடிச்சா அத வையுங்க. இல்லாட்டி சின்ன கேம விளையாடினவன்ட்ட எத்தின மணித்தியாலம் போச்சு எண்டு கேளுங்க, இருபதத் தாண்டினா அதுக்குக் குடுங்க. டிஎல்சிய கீழ தனி வரில போட்டா குரூப்ப விட்டு ஒருத்தரும் போகத் தேவையில்ல. ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில ஆரு முடிச்சது, எந்த மெஷின்ல எண்டு எழுதுங்க, வாங்கிற பொடியன் தன்ட மெஷினோட ஒப்பிட்டுப் பாப்பான். ஒண்டும் தேறாட்டி இடத்த சும்மா விடுங்க.

நாங்க அப்பிடித்தான் விட்டம். 2024 லிஸ்ட் இன்னும் ரிப்பேர் கடைச் சுவர்ல சார்ஜர் தொங்குற கம்பிக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கு. ஒண்டு பலாட்ரோ, போன்ல. ரெண்டு அஸ்ட்ரோ பொட், பிஎஸ்5. மூண்டு வூகொங், பிசி 16 ஜிபி ரெம். நாலு அனிமல் வெல், பழைய லெப்டொப். அஞ்சு எண்டு இலக்கம் மட்டும் பிரிண்ட் ஆகியிருந்தது, சித்திரை வருஷத்துக்குப் பொறகு கூட்டாளி மெட்டஃபர முடிச்சுட்டு நீலப் பேனால அந்தப் பேர எழுதினான், கீழ திகதியும் போட்டிருக்கான்.